நடுவில் இருமிய இசைத்தட்டு

உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பாட்டுப் போட்ட மைக்செட்காரர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. இருக்கிறவர்களுக்கும் போய்ச் சேர்ந்தவர்களுக்கும் சேர்த்துப் போட்டவர் எனக்குத் தெரிந்து குழாய் அண்ணாச்சி ஒருவர்தான். அளக்கிறேன் என்று தோன்றினால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் மூணாறுப் பக்கம் மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க். சொந்த ஊர் கீழே சமவெளியில் எருத்தேன்பதி, வெயிலில் காய்ந்து வளர்ந்த உடம்பு. மலையில் மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி, எதிரே வருகிறவரை இடுப்புக்கு மேலே அழித்துவிடும். வெறும் கால்கள் மட்டும் நடந்து வருவதைப் பார்த்துப் பயப்படாமலிருக்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அந்தப் பனிக்குள்ளிருந்து பாட்டுக் கேட்டால் அண்ணாச்சி வேலை முடிந்து வந்துவிட்டார் என்று அர்த்தம்.

காலையில் அவருக்கு ஃபேக்டரியில் கொழுந்தை உருட்டும் ரோலர் அறையில் வேலை. மற்ற நேரமெல்லாம் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் ஒரு தகரக் கொட்டகையில் மைக்செட். பக்கத்துச் சில்வர் ஓக் மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்தான் அவருக்குப் பிள்ளை குட்டி எல்லாம். அதற்குக் குளிரும் என்று மஃப்ளர் சுற்றிவிட்டு, தாம் ஒற்றைச் சட்டையில் நடுங்கிக்கொண்டிருப்பார். மூணாறுக்கு பஸ்ஸில் போனால் குழாயை ஜன்னலோரம் உட்காரவைத்து அதற்கும் டிக்கெட் எடுப்பார். கண்டக்டர் ஒருமுறை அரை டிக்கெட் போதும் என்றதற்கு அண்ணாச்சிக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

"அதுக்குப் பன்னெண்டு வயசு தாண்டியாச்சு வே. முழுசாக் கிழியும்" என்றார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. போட்ட பாட்டைப் பாதியில் எடுக்கமாட்டார். பாதியில் ஊசியைத் தூக்கினால், பாடினவர் எந்த ஊரில் இருந்தாலும் அவருக்கு விக்கல் எடுக்கும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஒரு கல்யாணத்தில் முகூர்த்த நேரம் வந்தபோது பாட்டில் ஒரு சரணம் மீதி இருந்தது. மாப்பிள்ளை தாலியைத் தூக்கிப் பிடித்தபடி அந்தச் சரணம் முழுக்க நின்றார். கை வலித்தது என்று பின்னாளில் அவரே என்னிடம் சொன்னார்.

எங்கள் உதவி மேனேஜர் ஒரு வெள்ளைக்காரப் பையன். சின்னத்துரை என்போம். முடியைத் தோள்வரை வளர்த்துவிட்டு, பெரிய துரை வரும்போது மட்டும் தொப்பிக்குள் திணித்துக்கொள்வார். அவர் சீமைக்குத் திரும்புகிற வாரம் கப்பலில் அவருக்கு ஒரு பார்சல் வந்தது. அந்த நாட்டில் பிரபலமான ஒரு பாப் கோஷ்டியின் புது ரிக்கார்டு. அட்டையில் ஒரு மனிதன். அவனுக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கதவுகள், இரண்டும் பாதி திறந்து கிடந்தன. தன் கிராமபோனைப் பழுதுபார்த்துக் கொடுத்த அண்ணாச்சிக்கு அதைப் பரிசாகக் கொடுத்து, துரை என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "இது சைக்கடெலிக் இசை. என் ஊரில் இதைப் பற்றிப் பாதிப் பேர் ஒன்று சொல்கிறார்கள், பாதிப் பேர் வேறு சொல்கிறார்கள். உங்கள் மலைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு எழுது."

"என்ன வே சொல்லுதாரு?" என்றார் அண்ணாச்சி.

"கனாக் காணறப்ப மண்டைக்குள்ள கேக்கற சத்தமாமுங்க அண்ணாச்சி. கேட்டவீக எல்லாம் என்ன சொல்றாங்கன்னு எழுதி அனுப்போணுமாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டார். வழக்கம்போல் முதலில் பிள்ளையார் பாட்டு, அப்புறம் அது. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு என்பது யாருக்கும் தெரியாது. காற்று ஊதுகிற சத்தம், எங்கோ மணி, யாரோ தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு குரல். அந்த நேரம் பார்த்து ஃபேக்டரியில் ரோலர் ஓட ஆரம்பித்தது. எங்கள் கரண்ட் அருவித் தண்ணீரில் சுற்றும் சின்ன மிஷினிலிருந்து வருவது. ரோலர் ஓடினால் அது சோர்ந்துபோகும், கூடவே ரிக்கார்டும் சோர்ந்து சுற்றும். பாடினவன் குரல் இறங்கி இறங்கிக் கிணற்றடிக்குப் போயிற்று. பனிக்குள் ஒரு நாய் ஊளையிடத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டது.

"நிறுத்துய்யா" என்று லயத்திலிருந்து பல குரல்கள். அண்ணாச்சி சட்டம் அசையுமா? குழாய் காற்றில் திரும்பிவிட்டது என்று அவர் மரத்தில் ஏறி அதை நேராக்கிக்கொண்டிருந்தார். கொட்டகையில் நான் மட்டும். மைக்கை வயரிலிருந்து பிடுங்கி ஆணியில் மாட்டியிருந்தது.

பாட்டின் நடுவில் எல்லாச் சத்தமும் நின்றது. ரிக்கார்டு சுற்றுகிறது, ஒன்றும் கேட்கவில்லை. பிறகு குழாய் இருமியது. இரண்டு குட்டை இருமல், ஒரு நெட்டை இருமல். பிறகு பாட்டுத் தொடர்ந்தது.

லயத்தில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்தார்கள். அந்த இருமல் எல்லாருக்கும் தெரியும். தேயிலை உலர்த்தும் ட்ரையரில் இருபது வருஷம் தேயிலைத் தூசி தின்ற தங்கையாவின் இருமல். தங்கையாவோ போன மழைக்காலத்தில் மார்ச்சளியில் போய்விட்டார். தண்ணீர்க் குழாயடியில் அவர் மனைவி ராசம்மா குடத்தை இறக்கி வைத்தாள்.

"அவருதான்" என்றாள். அவர் போனதிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், சரியாகச் சாப்பிடாமல் இருந்தவள் அவள். அதுதான் முதல் வார்த்தை.

மறுநாள் அண்ணாச்சியும் நானும் அபிப்பிராயம் கேட்கக் கிளம்பினோம். அந்தச் சத்தத்தைக் கேட்டு ரோலர் பேரிங் போய்விட்டது என்று இரண்டு தரம் ஓடினேன் என்று ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் திட்டினார். லாரி டிரைவர் இந்த மாதிரி இசை உலகத்திலேயே கிடையாது என்றார். அன்று முதல் முடி வெட்டுவதை நிறுத்தினார். கொழுந்து கிள்ளும் பெண்கள், "பாட்டுல வரிசை ஒண்ணுமில்ல, ஆனா கைக்குத் தோதா இருந்திச்சு" என்றார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைப்புரையின் ஆயா சொன்னதை மட்டும் இரண்டு தரம் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன்.

"அழுதுக்கிட்டிருந்த பிள்ளையெல்லாம் அந்த இருமல் கேட்டதும் கப்புனு நின்னுருச்சுக. எல்லாம் ஒரே மூலையப் பாத்துச்சுக. பாத்துச் சிரிச்சுதுக."

மாட்டுப்பட்டிப் பால் பண்ணையில் மாடுகள் எல்லாம் ஒன்றுபோல எங்கள் மலையைப் பார்த்து நின்றதாகவும் ஒரு செய்தி வந்தது. அதை நான் நம்பவில்லை. துரைக்குப் போட்ட கடிதத்தில் மட்டும் எழுதினேன்.

மேட்டுத் தண்ணீர்க் குழாய் யாருக்கு என்கிற தகராறில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமலிருந்த அம்மன் கோயில் பூசாரியும் சர்ச் உபதேசியாரும் இந்த விஷயத்தில் ஒன்றாகிவிட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்தே கொட்டகைக்கு வந்தார்கள்.

"இது சாத்தானோட சத்தம்" என்றார் உபதேசியார்.

"எங்க அம்மனும் அதத்தான் சொல்லுதா" என்றார் பூசாரி.

தீர்ப்பும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். அந்த ரிக்கார்டை உடைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த மாதம் அம்மன் திருவிழாவுக்கும் அதற்கடுத்த அந்தோணியார் திருவிழாவுக்கும் மூணாறிலிருந்து மைக்செட் வரும். அண்ணாச்சிக்கு வருஷத்தில் இரண்டே நாள்தான் நாள். மற்ற முந்நூற்றுச் சொச்சமும் அந்த இரண்டுக்கான ஒத்திகை. அவர் முகம் செத்துப்போயிற்று.

அவர்கள் போனதும் கொட்டகை வாசலில் ராசம்மா நின்றாள்.

"அண்ணே, அதை உடைச்சிராதிய. ஒரு தடவ கேட்டதுக்கே நேத்து ராத்திரி ஒரு வாய் கஞ்சி இறங்குச்சு."

அண்ணாச்சி கயிற்றை எடுத்துக்கொண்டார். மரத்தில் ஏறினார். ஊருக்கெல்லாம் பொதுவாகத் திரும்பியிருந்த குழாயை ராசம்மாவின் வீட்டுப் பக்கம் மட்டும் திருப்பிக் கட்டினார். இறங்கி வந்து, "திருவிழா எங்க வே போகுது, அது வருசா வருசம் வரும்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அதிலிருந்து தினமும் பறித்த கொழுந்தை எடை போட்டு முடிந்ததும், சத்தத்தைக் குறைத்து, ஒரே ஓர் ஆளுக்காக அந்தப் பாட்டு. கொட்டகைக் கதவைச் சாத்திக்கொள்வார், என்னைக்கூட உள்ளே விடமாட்டார். ராசம்மா வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். இருமல் வரும். எழுந்து உள்ளே போய் உலை வைப்பாள். அம்மன் திருவிழாவுக்கு மூணாறு மைக்செட் வந்து மலையே அதிரப் பாடியது. அன்றும் அண்ணாச்சி கதவைச் சாத்திக்கொண்டு இதைப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்துச் சின்னத்துரையிடமிருந்து பதில் வந்தது. மாடுகள் விஷயம் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்ததாம். கடைசியில் ஒரு வரி: "இங்கே அதே ரிக்கார்டை வாங்கி மூன்று தடவை கேட்டேன். நடுவில் மௌனம் இருக்கிறது. இருமல் எதுவும் இல்லை."

கடிதத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். படித்துச் சொன்னேன். அண்ணாச்சி குழாயின் மஃப்ளரை அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

"துரை சொல்லுதது சரிதான் வே. ரெண்டாம் நாளு தட்டு இருமல."

"அப்பறம் தினமும் கேக்குதுங்களே?"

"அந்த ராசம்மாப் பிள்ளை படியில உக்காந்து குழாயவே பாத்துக்கிட்டிருக்கு. தட்டு பேசாம சுத்துது. நான் என்ன செய்ய? மைக்க எடுத்தேன், இருமுனேன். தங்கையா கூட பத்து வருசம் ஒரே ஃபேக்டரில நின்னவன், அந்த இருமல் எனக்கு வராதா?"

என் முதுகில் பனி இறங்கியது. "மொத நாளு நீங்க மரத்து மேலல்லங்க இருந்தீங்க?"

"ஆமா. கொட்டகையில நீருதான் நின்னீரு. அத உம்மகிட்டக் கேக்கணும்னுதான் நானும் இருந்தேன்."

"நான் இருமலீங்க அண்ணாச்சி. மைக்கு ஆணியிலங்க தொங்குச்சு" என்றேன். பிறகு அவர் தேநீர் போட்டார்.

அடுத்த வாரம் ரிக்கார்டு ஊசியில் ஒன்றுதான் மிச்சம் என்று ஆகி அண்ணாச்சி போடிக்கு இறங்கவேண்டியிருந்தது. திரும்ப மறுநாள் ஆகும். கொட்டகைச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"இன்னைக்கு நீரு இருமணும். ரெண்டு குட்டை, ஒரு நெட்டை. நெட்டையில கடைசில லேசா ஒரு இழுப்பு இருக்கும், அத விட்டுராதேயும்."

நாள் முழுக்க ஆபீசில் இருமிப் பழகினேன். ஹெட் கிளார்க் எனக்குச் சளி மருந்து கொடுத்தார். சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு ரிக்கார்டைப் போட்டேன். தகர ஓட்டை வழியே ராசம்மா படியில் உட்கார்ந்திருப்பது மங்கலாகத் தெரிந்தது. ரோலர் ஓடியது, குரல் கிணற்றுக்குள் இறங்கியது. மௌனம் வந்தது. மைக்கைக் கையில் எடுத்தேன். அதன் சுவிட்சில் என் கட்டைவிரல் போய்ச் சேர்வதற்குள் குழாய் இருமிவிட்டது.

இரண்டு குட்டை, ஒரு நெட்டை. கடைசியில் லேசாக ஓர் இழுப்பு.

வெளியே ராசம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டு உலை வைக்க உள்ளே போனாள். நான் பாட்டு முடியும்வரை ஊசியில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். என் கால்கள் எனக்குத் தெரியவில்லை, பனி உள்ளே வந்துவிட்டிருந்தது.

மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கினதும் இறங்காததுமாக அண்ணாச்சி கேட்டார்: "இருமினீரா வே?"

அது தானாகவே இருமியது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இரண்டு திருவிழாவை விட்டுக்கொடுத்து, தொண்டை புண்ணாகத் தினமும் இருமுகிற மனுஷன். அவர் இருமத் தேவையே இல்லை என்று எப்படிச் சொல்வது?

"இருமினேனுங்க" என்றேன்.

"தங்கச்சி உலை வச்சுதா?"

"வெச்சாங்க. ஆனா உங்க அளவுக்கு எனக்கு வரலீங்க அண்ணாச்சி."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொண்டைக்கு என்று போடியிலிருந்து வாங்கிவந்த பனங்கற்கண்டுப் பொட்டலத்தில் பாதியை எனக்குப் பிரித்துக் கொடுத்தார். அதை நான் தின்னவில்லை; பாதி தூளாகிப்போன ஒரு துண்டு இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.