தூங்கும் முன் ஒரு பிரிட்ஜ் புத்தகம்

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

இங்கு யாவரும் உடம்பளவில் நலம். தாங்களும் அக்காவும் நலமென்று நம்பியே எழுதுகிறேன். இதைப் படித்தபின் எப்படி இருப்பீர்கள் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

போன தடவை வந்தபோது, "பிள்ளைக்குத் தினமும் வாசிச்சுக் காட்டுங்க மாப்பிள்ளை, எதுவா இருந்தாலும் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்த 'எதுவா இருந்தாலும்'தான் இன்று என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. படிப்பு எனக்கு எவ்வளவு ஏறியது என்பது தாங்கள் அறிந்ததே. கதைப் புத்தகத்தை எடுத்தால் இரண்டாம் பக்கத்தில் முயலுக்கு முன்னால் நான் தூங்கிவிடுகிறேன். பிரிட்ஜ் மெக்கானிக் பையில் வேறென்ன இருக்கும், பிரிட்ஜோடு வரும் உபயோகக் குறிப்புப் புத்தகம்தான், அதைத் தடுமாறாமல் வாசிப்பேன், உங்கள் மருமகளும் வாயைப் பிளந்து கேட்டாள். 'ஐஸ் கட்டியைக் கத்தியால் சுரண்டாதீர்கள்' என்ற இடத்தில் நான் குரலைத் தாழ்த்துவேன், அவள் போர்வைக்குள் போய்விடுவாள். பிறகு அவளே விரல் வைத்து எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள். ஒன்றாம் வகுப்பிலேயே 'வெப்பநிலைக் கட்டுப்பாடு' என்று மூச்சுவிடாமல் வாசிக்கிற பிள்ளையைப் பெற்றவன் என்று நானும் பட்டறையில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

நேற்று பள்ளியில் பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் 'என் அம்மா' என்று எழுதியதைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மற்ற அம்மாக்களெல்லாம் நிலாவாகவும் பூவாகவும் இருந்தார்கள். நம்முடையது இப்படி இருந்தது: "அம்மாவை எப்போதும் நேராக நிறுத்தி வைக்கவும். காலையில் அதிகச் சத்தம் வரும். இது கோளாறு அல்ல. அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் போதிய இடைவெளி விடவும். சூடானால் கை வைக்காதீர்கள். சிறிது நேரம் விட்டு மறுபடி முயலவும். அப்போதும் சரியாகாவிட்டால் அப்பாவைக் கூப்பிட வேண்டாம். அப்பாவுக்கு இது தெரியாது."

மச்சான், நின்றவர்களெல்லாம் சுவரை விட்டுவிட்டு உங்கள் தங்கச்சியைப் பார்த்தார்கள். டீச்சர் வேறு, வீட்டில் யார் வாசித்துக் காட்டுவது, பிள்ளை இவ்வளவு தெளிவாக எழுதுகிறதே என்று விசாரித்துவைத்தார். உங்கள் தங்கச்சி பார்த்த பார்வையில் ஓடுகிற கம்ப்ரஸர் நின்றுபோகும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரே ஒரு வாக்கியம்தான்: "இனிமே எம்பிள்ளைக்கு நீங்க ஒரு வரி வாசிக்கக் கூடாது."

வேலை முடிந்து, கை கழுவி, அவள் பக்கத்தில் போய் உட்காருகிற நேரம்தான் மச்சான் எனக்கு நாளே. இப்போது உள்ளே உங்கள் தங்கச்சி முயல் கதை வாசிக்கிறாள், நான் வெளியே நின்று ஒட்டுக் கேட்கிறேன். தயவுசெய்து உடனே கிளம்பி வந்து நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள். வரும்போது எனக்குத் தூக்கம் வராத கதைப் புத்தகமாகப் பார்த்து வாங்கி வரவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு, எட்ட நின்றே, என் ஆசிகள்.

இப்படிக்கு,
வாசிக்கத் தடை விதிக்கப்பட்ட
தங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: தாங்கள் வர வேண்டாம். முயல் கதை முடிந்ததும் பிள்ளை, "முயல் ரிப்பேரானா யாரைக் கூப்பிடணும்னு போடவே இல்லையேம்மா" என்று கேட்டுவிட்டாள். உங்கள் தங்கச்சி அடக்கிப் பார்த்து, முடியாமல் சிரித்து, கதவைத் திறந்து, "வாங்க, வந்து நீங்களே வாசிச்சுத் தொலைங்க" என்றாள். இப்போது தாயும் மகளுமாக உட்கார்ந்து 'என் மாமா' எழுதுகிறார்கள். சத்தியமாக நான் வாயே திறக்கவில்லை. முதல் வரியை மட்டும் எட்டிப் பார்த்தேன்: "மாமாவை உள்ளே கொண்டுவரும் முன் கதவின் அகலத்தை அளந்து பார்க்கவும்."