ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு குழி

ஒரு ஜப்பான் அதிகாரியை இரண்டு வருஷம் ஓடைக்கரையிலேயே கட்டிப்போட்ட மனிதர் இந்த உலகத்தில் எங்கள் கொடிக்காரர் ஒருவர்தான்.

மலாயாவில் வெள்ளைக்காரத் துரைமார் கோல்ஃப் ஆடும்போது குழியில் கொடி பிடித்தவர் அவர். ஜப்பான்காரர்கள் வந்து துரைமார் ஓடிப்போனதும் மைதானமெல்லாம் சர்க்கரைவள்ளித் தோட்டம் ஆனது. ஒரே ஒரு குழியை மட்டும் அதிகாரி தனக்கென்று விட்டுவைத்தார். அதைப் பார்த்துக்கொள்ளக் கொடிக்காரரை வைத்தார்.

கொடிக்காரர் அதைத் தன் இஷ்டத்துக்குச் செதுக்கினார். இடப்பக்கம் அகலமான புல்வெளி. சுற்றிப் போனால் ஆபத்தில்லை, ஆனால் ஐந்தாறு முறை அடிக்க வேண்டும். நேராக அடித்தால் மூன்றே அடியில் முடியும். நடுவே ஓடை.

"முடியவே முடியாதுன்னு தெரிஞ்சா வீட்டுக்குப் போயிருவான். இன்னும் கொஞ்சந்தான்னு தோணணும் லா. அப்பதான் நாளைக்கும் வருவான்" என்பார், தட்டிலிருக்கும் கிழங்கு மசியலில் விரலால் ஓடை வரைந்தபடி.

அதிகாரி ரோஷக்காரர். சுற்றிப் போகவே மாட்டார். தினமும் பந்து ஓடையில்.

அப்போதுதான் சயாம் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள்; போனவர்கள் திரும்பியதில்லை. பட்டியலில் என் கணவர் ஆரோக்கியத்தின் பெயர். நான் கொடிக்காரரிடம் ஓடினேன்.

"அழாத தங்கச்சி" என்றவர், நேரே அதிகாரியிடம் போனார். "ஓடையில இழுப்பு ஜாஸ்தி. ஆறு ஆள் இல்லாட்டி பந்து கிடைக்காது" என்று அரைகுறை மலாயில் சொன்னார். புதுப் பந்து கிடைக்காத காலம். என் கணவர் பெயரோடு ஆறு பெயர்கள் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டன.

ஒருநாள் பந்து ஓடையைத் தாண்டிக் கொடியருகே போய் நின்றது. தண்ணீரில் நின்ற ஆறு பேருக்கும் மூச்சு நின்றது. இனி அந்த ஆளுக்கு ஆட்டமும் எதற்கு, இவர்களும் எதற்கு?

கொடிக்காரர்தான் பலமாகக் கைதட்டி, அதிகாரியிடம் கேட்டார். "துரைமாருங்க ஜெயிச்சா மறுநாள் குழியை மாத்துவாங்க. நம்மளும் மாத்துவோமா?"

மறுநாள் குழி ஓடையின் விளிம்புக்கே வந்துவிட்டது. தொபுக்! அந்தச் சத்தம் கேட்டு நான் மாதாவைக் கும்பிட்டேன்.

ஜப்பான்காரர்கள் போன பிறகு, என் கணவர் ஒரு மட்டையைக் கொடிக்காரர் கையில் கொடுத்தார். கொடிக்காரர் ஆயுசில் ஒரு பந்துகூட அடித்ததில்லை. இடப்பக்கம் திரும்பி நின்றார்.

"நேரா அடிங்கண்ணே" என்றேன்.

"விழுந்துச்சுன்னா உன் வீட்டுக்காரன்தானே இறங்குவான்? தண்ணியிலயே நின்னு அவனுக்கு இன்னும் இருமல் விடல."

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கினேன்.

"இப்ப அடிங்கண்ணே."