ஏழு என்று எழுதிய கை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் வீட்டு மாப்பிள்ளை, பேச்சிழந்த நிலையில் எழுதிக்கொள்வது. தொண்டை நீங்கலாக நான் நலம். முழங்கால் நீங்கலாகவும். உங்கள் தங்கை எதுவும் நீங்காமல் முழு நலம். தாங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையிலாவது அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் வாழ்த்துக் கடிதம் கிடைத்தது. பத்திரிகையில் வந்த என் படத்தை வெட்டி ஒட்டி, அதன் கீழே ‘அளந்து எடுத்த முடிவு’ என்று கைப்பட எழுதியிருந்தீர்கள். முப்பத்தைந்து வருடம் நிலம் அளந்த அதிகாரியின் வாயிலிருந்து ‘அளந்து’ என்ற சொல் சும்மா வராது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் தங்கை அதற்கும் தொண்டைதான் காரணம் என்று நினைத்துக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள். மச்சான், நான் அந்த முடிவை அளக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கூடவே, நான் பயிற்சியாளர் வேலையை விடுகிறேன். கல்லூரிக் குழு, தேசியக் குழு இரண்டையும். இரண்டு ராஜினாமாக் கடிதங்கள் எழுதி, உறையில் போட்டு, மேசை மேல் வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகத் தாங்கள் போன் செய்யும்போதெல்லாம் "மாப்பிள்ளை, எப்பதான் வீட்ல இருக்கப் போறீங்க?" என்று கேட்பதும், "இந்த சீசன் முடியட்டும் மச்சான்" என்று நான் சொல்வதும் இத்துடன் முடிந்தது.

இதை நேரில் சொல்லியிருப்பேன். ஆனால் போன வாரம் தொண்டை டாக்டர் என் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். வாலிபால் பயிற்சியாளர் என்றேன். அவருக்கு அது காற்றாகத்தான் கேட்டது. "கத்துற வேலையா?" என்றார். தலையாட்டினேன். "ரெண்டு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றார். உங்கள் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு மாசமா எழுதிடுங்க டாக்டர்" என்றாள். அவர் சிரித்துவிட்டு அப்படியே எழுதிவிட்டார். இப்போது வீட்டில் எனக்கு ஒரு சிலேட்டும் ஒரு சாக்பீஸும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ‘தண்ணீர்’ என்று எழுதிக் காட்டினால், எழுத்து கோணலாக இருக்கிறது என்று திருப்பி எழுதச் சொல்கிறாள்.

என் உத்தியோக வரலாறு தங்களுக்குத் தெரியாதது அல்ல. ஆனாலும் விடைபெறுகிற மனிதனுக்கு ஒருமுறை புலம்ப உரிமை உண்டு. கல்லூரியில் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்தது ஒரு விசில், ஒரு கிழிந்த வலை, துடைப்பங்கள் அடுக்கிய ஓர் அறையின் பாதி. துடைப்பங்கள் இன்னும் அவற்றின் பாதியை விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளரங்கம் கட்டினார்கள், பந்து அடிக்கத்தான் என்று நம்பினேன். தேர்வு வந்தால் அதில் முந்நூறு மேசை போட்டுவிடுவார்கள், வருடத்தில் ஐந்து மாதம் தேர்வு. முதல்வரிடம் போய்க் கேட்டால், "உங்க பொண்ணுங்க மேசைக்கு நடுவுல ஓடிப் பழகட்டுமே சார், கால் வேகம் வரும்" என்பார். வந்தது, அதை மறைக்க மாட்டேன். தாங்கள் முதல்முறை எங்கள் ஆட்டம் பார்க்க வந்தது ஞாபகம் இருக்கும். ஆட்டத்தைப் பார்க்காமல் பையிலிருந்து டேப்பை எடுத்துக் களத்தை அளந்தீர்கள். இரண்டு பக்கமும் பின்கோடு நான்கு அங்குலம் உள்ளே இருக்கிறது என்றீர்கள். அதுவரை எங்களோடு விளையாட வந்த குழுக்களின் பந்தெல்லாம் சரியாக நான்கு அங்குலம் வெளியே விழுந்துகொண்டிருந்தது, அதை நான் சொந்த மண்ணின் ராசி என்று நினைத்திருந்தேன். நேர்மையாகக் கோட்டைத் திருத்தினேன். அந்த வருடமே கோப்பை போனது. அதற்காகத் தங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். இப்போது வேலையை விடுவதால் சொல்கிறேன், இருந்தது.

பிறகு தேசியக் குழு வந்தது. வெளியே கௌரவம், உள்ளே இரண்டு முதலாளிக்கு ஒரு வேலைக்காரன். வாலிபால் சம்மேளனத்தின் செயலாளர் போன் செய்து, "முகாம் ஆரம்பிச்சு ரெண்டு நாளாச்சு, எங்க சார் இருக்கீங்க?" என்பார். அங்கே போனால் முதல்வர் போன் செய்து, "காலேஜ்னு ஒண்ணு இருக்கே, ஞாபகம் இருக்கா சார்?" என்பார். ஒரு பையில் கல்லூரி நீலச் சட்டை, இன்னொரு பையில் தேசிய வெள்ளைச் சட்டை. பஸ்ஸில், ரயிலில், கழிப்பறைகளில் சட்டை மாற்றியே எனக்கு வயதாகிவிட்டது. ஒருமுறை நீலச் சட்டையோடு தேசிய முகாமுக்குப் போய் நின்றேன், காவலாளி எதிரணியின் உளவாளி என்று வாசலிலேயே உட்கார வைத்துவிட்டார். மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போனேன். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் டி போல வைத்து டைம் அவுட் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

இனி விஷயம். எங்கள் குழுவில் இரண்டு செட்டர்கள், அதாவது அடிப்பவர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கிறவர்கள். ஒருத்தி என் கல்லூரிப் பெண், பட்டப்பெயர் முதலாளி. களத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று அவள் போடும் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இன்னொருத்தியின் பட்டப்பெயர் நிதானம். பந்து இரண்டு பேருக்கு நடுவில் வந்தால் ஒருத்தி ‘என் பந்து’ என்று கத்த வேண்டும், அது என் முதல் பாடம். நிதானம் கத்த மாட்டாள். "ஏம்மா கத்தல?" என்றால், "பந்த எடுத்துட்டேனே சார்" என்பாள். எடுத்திருப்பாள்தான். ஆனாலும் கத்தாதவள் தேசியக் குழுவுக்கு ஆக மாட்டாள் என்று நான் முடிவு கட்டி, மூன்று வருடம் பெஞ்சில் உட்கார வைத்தேன். அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. தினமும் பயிற்சி முடிந்ததும் என் முன்னால் வந்து நின்று, "நாளைக்கு எத்தனை மணிக்கு சார்?" என்று கேட்பாள். முகாம் தொடங்கிய நாளிலிருந்து ஆறு மணிதான், சுவரில் எழுதி ஒட்டியும் இருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு ஒரு மணி கூட மனதில் நிற்காதா என்று நினைத்துக்கொண்டே "ஆறு" என்பேன்.

அந்த ஆட்டத்துக்கு வருவோம். தோற்றால் போட்டியை விட்டே வெளியே போக வேண்டும். ஐந்து செட்டில் முதல் இரண்டு போய்விட்டது. ஒவ்வொரு செட்டுக்கும் முன்னால் களத்தில் இறங்கும் ஆறு பேரின் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிப் பயிற்சியாளர் துணை நடுவரிடம் கொடுக்க வேண்டும். சீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் சட்டம். அதற்கு முந்தைய நான்கு நாள் நான் கல்லூரிப் போட்டியில் இருந்தேன், இருபது சீட்டாவது எழுதியிருப்பேன். அங்கே முதலாளியின் எண் ஏழு. தேசியக் குழுவில் அவள் பதினொன்று, ஏழு நிதானத்தின் எண். மூன்றாவது செட்டுக்கு, தோற்கிற பதற்றத்தில், முதலாளியை மனதில் வைத்துக்கொண்டு ஏழு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன் மச்சான். இந்த நாட்டில் இரண்டு குழுவையும் கட்டி இழுக்கிறவன் நான் ஒருவன்தான். வேறு யாருக்கும் இந்தத் தவறு வராது.

துணை நடுவர் சீட்டோடு வந்து, "ஏழு எங்க? களத்துல பதினொண்ணு நிக்குது" என்றார். ஓர் ஆள்மாற்றம் கேட்டிருந்தால் போதும், அரை நிமிட வேலை. ஆனால் எனக்குப் பின்னால் செயலாளர் உட்கார்ந்திருந்தார். தவறு என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. தாடையைத் தடவிக்கொண்டு, "ஏழுதான்" என்றேன். முதலாளி என்னைப் பார்த்து, "நான் என்ன சார் தப்பு பண்ணேன்?" என்றாள். "உக்காந்து பாரு" என்றேன். என்னத்தைப் பார்க்கச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. நிதானமோ எப்படியும் இறங்கப் போவதில்லை என்று ஒரு ஷூவைக் கழற்றி வைத்திருந்தாள். முழு அரங்கமும் காத்திருக்க அதை மாட்டிக் கயிறு கட்டினாள். ஒருமுறை கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினாள். இடையில் இரண்டு முறை என்னை நிமிர்ந்து பார்த்தாள். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மீதியைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். இரண்டு செட்டாக முதலாளியின் சத்தத்தைக் கேட்டே எதிரணி பந்து எங்கே போகும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தது. நிதானம் கத்தவில்லை. பந்து எங்கே போகும் என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நம் பெண்கள் மட்டும் அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், பந்து கரெக்டாக அவர்கள் கைக்கு வந்தது. நான்காவது செட்டுக்கு ஏழு என்று தெரிந்தேதான் எழுதினேன். பத்திரிகை அதைத் துணிச்சல் என்கிறது. பயம் மச்சான், வேறொன்றும் இல்லை. ஐந்தாவது செட் பதினைந்துக்குப் பன்னிரண்டு. எல்லோரும் என்னைத் தூக்கினார்கள், முழங்கால் அப்போது போனதுதான்.

அன்றிலிருந்து நான் மேதை. முதல்வர் கல்லூரி வாசலில் என் படத்தோடு பேனர் கட்டியிருக்கிறார், அதில் நான் தாடையைத் தடவுகிறேன். செயலாளர் இன்னும் நான்கு வருடம் இருங்கள் என்கிறார். இளம் பயிற்சியாளர்களுக்கு ‘நெருக்கடியில் முடிவெடுப்பது எப்படி’ என்று நான் வகுப்பெடுக்க வேண்டுமாம். அதெல்லாம் போகட்டும். ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு நிதானம் என்னிடம் வந்து நின்றாள். ஏதாவது சொல்வாள் என்று பயந்துகொண்டிருந்தேன். "நாளைக்கு எத்தனை மணிக்கு சார்?" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்தக் கை தப்பாக எழுதியிருக்காவிட்டால் நான்காவது வருடமும் அவள் பெஞ்சில்தான் இருந்திருப்பாள். பதினாறு வயதுப் பெண்ணின் மணிக்கட்டைப் பார்த்தே இவள் என்ன ஆவாள் என்று சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். கண்ணெதிரே மூன்று வருடம் இருந்தவள் எனக்குத் தெரியவில்லை. கண் போனவன் எதற்கு மச்சான் பயிற்சியாளன்? கத்திக் கத்தித் தொண்டையும் போய்விட்டது. போதும். களைத்துவிட்டேன்.

நாளைக் காலை இரண்டு ராஜினாமாவையும் அனுப்பிவிடுவேன். அதன்பின் உங்கள் தங்கை சொல்கிற இடத்தில் உட்காருவேன், சொல்கிறபோது எழுந்திருப்பேன். தாங்களும் ஓய்வில் இருக்கிறீர்கள், இரண்டு பேரும் சேர்ந்து எதையாவது அளக்கலாம்.

தங்கள் வீட்டில் மூத்தவர்களுக்கு என் வணக்கம், இளையவர்களுக்கு என் ஆசி, யார் எந்தப் பக்கம் என்று தெரியாதவர்களுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
இனி வீட்டிலேயே இருக்கப்போகும்
தங்கள் மாப்பிள்ளை

பி.கு: உறையை ஒட்டும் முன் இரண்டு விஷயம் நடந்துவிட்டது. முதலாவது, உங்கள் தங்கை ராஜினாமாக்களைப் படித்துப் பார்த்தாள். தேசியக் குழுவிலிருந்து விலகுவதாகக் கல்லூரி முதல்வருக்கும், கல்லூரியிலிருந்து விலகுவதாகச் சம்மேளனச் செயலாளருக்கும் எழுதியிருக்கிறேனாம். இரண்டும் செல்லாது என்கிறாள்.

இரண்டாவது, சாயங்காலம் போன் அடித்தது. பழக்கத்தில் கை நீட்டினேன். "என் பந்து" என்று சொல்லி அவளே எடுத்தாள், எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். நிதானம். என் தொண்டையை விசாரித்துவிட்டு, "ஆன்ட்டி, ஒரு வாரமா சார் வராததால விடப் போறார்னு முகாம்ல பேசிக்கிறாங்க. அந்தச் சீட்டுக்காகவா?" என்றாள். உங்கள் தங்கை என்னைப் பார்த்தாள். எனக்குத்தான் பேச்சு கிடையாதே. அந்தப் பெண் சொன்னாள்: "ஏழு முதலாளியோட காலேஜ் நம்பர்னு எங்க எல்லாருக்கும் தெரியும் ஆன்ட்டி. சார் தப்பா எழுதிட்டார்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. கூப்பிட்டு மாத்திக்கட்டும்னுதான் ஷூவ ரெண்டு தடவ கட்டினேன். மாத்துவாரு, மாத்துவாருன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அவர் மாத்தல. அது எனக்குப் போதும்." பிறகு, "நாளைக்கு எத்தனை மணிக்கு ஆன்ட்டி?" என்றாள். "எப்பவும் போல ஆறுதான். சார் வருவார், சிலேட்டோட வருவார்" என்று சொல்லி உங்கள் தங்கை போனை வைத்துவிட்டாள். இருபத்திரண்டு வருடமாக வீட்டில் இரு, வீட்டில் இரு என்று தங்களை விட்டுக் கேட்க வைத்தது இவள்தான் என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஆகவே மேலே உள்ளதைக் கிழித்துவிடவும். கோட்டுக்காகத் தங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது என்ற வரியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். நீலப் பை எங்கே, வெள்ளைப் பை எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன். எதற்கும் இரண்டையும் எடுத்துப் போகிறேன்.