ஓவர்லாப் சாரும் கடல் தின்ற மணலும்

ஒரே இடத்தை இருநூறு படம் எடுத்துவிட்டு, "இன்னும் பத்தலையே" என்று கவலைப்படுகிற ஆள், தாம்பரம் முதல் வண்டலூர் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் ஓவர்லாப் சார். தாம்பரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் படம் எடுக்கப் போய் அவரிடம் மாட்டிக்கொண்டவன் நான்.

சாருக்குக் கடல் பித்து பிடித்தது ஒரு கல்யாண ஜோடியால். கோவளம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் அவர்களைப் படம் எடுக்கப் போனவர், முந்தைய வருஷம் வேறொரு ஜோடியை நிறுத்திய இடத்தைத் தேடினார். அங்கே அலை அடித்துக்கொண்டிருந்தது. ஜோடியை அம்போவென்று விட்டுவிட்டு, கடலையே முறைத்துக்கொண்டு நின்றாராம். அந்த ஆர்டர் போயே போச்சு.

அதற்கப்புறம் மாதம் ஒரு ஞாயிறு எங்களுக்குக் குப்பம்தான். ஒட்டடைக் குச்சியின் நுனியில், கண்ணாடி விரிசல் விட்ட பழைய மொபைலைக் கட்டித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டடிக்கு ஒரு படம். ஒரு படத்தில் இருப்பதில் பாதிக்கு மேல் அடுத்ததிலும் இருக்க வேண்டும்; அதுதான் ஓவர்லாப். அதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் படங்களைக் கோத்து, மேடு பள்ளத்தோடு கரையையே செய்து கொடுக்கும். இந்த மாதக் கரையைப் போன மாதக் கரையோடு ஒப்பிட்டால், எவ்வளவு மணல் காணாமல் போனது என்று தெரிந்துவிடும். "ஓவர்லாப்பை விட்ராதீங்க, ஓவர்லாப்!" என்று அவர் போட்ட கூச்சலில் வந்ததுதான் பெயர்.

கரை நகர்வதை அளக்க, நகராத ஒன்று வேண்டுமே? கடலுக்கு முதல் வீடான மேரியக்கா வீட்டுச் சுவரைப் பிடித்தார் சார். பெயிண்ட் டப்பாவைத் திறந்து, சிவப்பில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். நம் ஊரில் ஏழை வீட்டுச் சுவரில் சிவப்புக் குறி விழுந்தால் என்ன அர்த்தம் என்று அந்த மேதைக்குத் தோன்றவே இல்லை. ஐந்தே நிமிடத்தில் குப்பமே திரண்டுவிட்டது.

மீன் நறுக்கிக்கொண்டிருந்த மேரியக்கா கத்தியோடு வந்தார். "இன்னாய்யா, வூட்ட இடிக்க மார்க் போடுறியா?"

"ஐயோ, இடிக்க இல்லக்கா! இது நகராத புள்ளி. இத வச்சுத்தான் கடல் எவ்ளோ உள்ள வருதுன்னு அளக்கணும்."

"நகராதா? போன மழைல சமையக்கட்டு கடலோட பூட்ச்சி. மிச்சம் கீறது இந்த ஒரு ரூமு. அடுத்த மழைக்கு இதுவும் பூடும். அலைய தடுக்க கல்லு கொட்டுங்கன்னு நாயா அலையிறோம், எவன் கேக்குறான்?"

சார் டப்பாவை மூடினார். அவர் முகம் அப்படிச் சுண்டிப்போய் நான் பார்த்ததில்லை. "அடுத்த மழைக்குள்ள கேக்க வைக்கிறேன்க்கா" என்றார்.

ஆறு மாதம் படம் எடுத்த பிறகு சார், மேரியக்கா, நான் மூவரும் கல் கொட்ட உத்தரவு போட வேண்டிய ஆபீசரிடம் போனோம். சார் லேப்டாப்பில் கரையைச் சுழற்றிக் காட்டினார். படம் எடுக்கும்போது ஆடுகிற எதுவும் இதில் ஒழுங்காக வராது. மணல் சூட்டில் நான் தையதக்கா என்று குதித்ததால், படத்தில் எனக்குத் தலையே இல்லை. பக்கத்தில் ஒரு நாய்க்கு மூன்று வால். ஆபீசர் அத்தனையையும் பொறுத்துக்கொண்டு கடைசியில் கேட்டார்.

"எல்லாம் இருக்கு. கடல் எங்கங்க?"

"கடல் வராது சார், அது ஆடிட்டே இருக்கும். அது தின்னது மட்டும்தான் வரும்."

சொல்லிவிட்டு ஆறு மாதக் கரையையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினார். சுவருக்கு முன்னால் இருந்த மணல் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் சுவரின் காலடியிலேயே பள்ளம். மேரியக்கா திரையைத் தொட்டு, "தோ, இங்கதான் சார் என் அடுப்பு இருந்துச்சு" என்றார். ஆபீசர் பேனாவை எடுத்தார்.

மழைக்கு முன்னால் கல் லாரிகள் வந்தன. மழை வந்தது, போனது. வீடு நின்றது. மேரியக்கா ஒரு முழு வஞ்சிரத்தை நறுக்கிப் பையில் போட்டு, "கொழம்பு வச்சி துண்ணு சார்" என்று சாரின் கையில் திணித்தார். சார் முட்டைகூடத் தொடாத சைவம். சிரித்துக்கொண்டே வாங்கினார். தாம்பரம் வரை பஸ்ஸில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து, என் வீட்டு வாசலில் பையை இறக்கினார்.

"அக்காகிட்ட சொல்லியிருக்கலாமே சார்?"

"குடுக்கும்போது அவங்க முகத்தைப் பாத்தீங்கல்ல? எப்படிங்க சொல்றது?"

கல் நிற்கிறதா என்று பார்க்க இன்றும் மாதாமாதம் போகிறார். மாதாமாதம் மீனும் வருகிறது. விஷயத்தை மேரியக்காவிடம் நானும் சொல்லவில்லை. மீன் ஆசை என்கிறாள் என் மனைவி. இருக்கட்டும். பையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம், இந்த மனுஷன் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.