ஆளுநர் மாளிகையின் பேரன்

மாளிகைப் பேரன் என்றொரு இனம் உண்டு. பழைய பெரிய கட்டடம் எதுவானாலும் அதன் அஸ்திவாரத்தில் தன் தாத்தாவின் வியர்வையாவது கலந்திருக்க வேண்டும் என்று நம்புகிறவர். பினாங்கில் இந்த இனம் செழிப்பாக வளர்கிறது. வெள்ளைக்காரன் விட்டுப்போன கட்டடங்களுக்கு இங்கே குறைவில்லை. தாத்தாக்களுக்கும் குறைவில்லை.

டத்தோ கிராமாட்டில் என் பக்கத்து வீட்டு ராமதாஸ் அண்ணன், ஆளுநர் மாளிகையின் பேரன். அந்த மாளிகையின் சரித்திரம் நமக்கு ஒரே மூச்சில் முடிந்துவிடும்: வெள்ளைக்கார அதிகாரிக்காகக் கட்டினார்கள், நடுவில் ஜப்பான்காரன் வந்து போனான், சுதந்திரத்துக்குப் பிறகு நம் ஆளுநர் இருக்கிறார். அண்ணன் ஆரம்பித்தால், அக்கரையில் பட்டர்வொர்த்தில் ஏறிய ஃபெர்ரி இந்தக் கரை சேர்ந்தாலும் அவர் கதையில் முதல் துரை நாற்காலியில் உட்கார்ந்திருக்கமாட்டார்.

நான் குடிவந்த புதிதில் அவருடைய தாத்தா அங்கே தோட்டக்காரர். இரண்டு தீபாவளி கழிந்ததும் தலைமைத் தோட்டக்காரர். பிறகு, தாத்தாவைக் கேட்காமல் துரை மரம் வெட்டமாட்டார், விருந்துக்கு ஆள் கூப்பிடமாட்டார், லண்டனுக்குக் கடிதம் போடமாட்டார் என்றெல்லாம் ஆகி, போன வருஷம் மாளிகை வாசல் எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பதையே தாத்தா முடிவு செய்திருந்தார். தாத்தா பிறக்குமுன்பே கட்டடம் எழுந்துவிட்டதே என்கிறீர்களா? கேட்டுப் பாருங்கள். "அது பழைய வாசல், தம்பி" என்பார்.

மாளிகை இருக்கும் சாலையில் நுழைந்தாலே அவருடைய காரின் வேகம் குறையும். பின்னால் ஹாரன் அடிப்பவர்களுக்குச் சரித்திர உணர்வு கிடையாது. "அந்தா, மரத்துக்கு நடுவுல வெள்ளையா தெரியுது பாத்தீங்களா? நம்ம எடம்."

அண்ணனின் மகள் மோகனாவுக்கு நான்தான் வரன் பார்த்துக் கொடுத்தேன். கல்யாணத் தேதி குறிக்க, மாப்பிள்ளையின் பெற்றோர் சந்திரசேகரனும் புஷ்பவள்ளியும் கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்திருந்தார்கள். தேதிக்கு முன்னால் மாளிகை வந்துவிட்டது. சோற்றில் ரசம் ஊற்றும்போது ஜப்பான்காரன் வந்து இறங்கினான். தாத்தா துரையின் பீங்கான் தட்டுகளைத் தோட்டத்தில் புதைத்துக்கொண்டிருந்தார். அந்த உற்சாகத்தில் அண்ணன் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கும் நம்ம பேரச் சொன்னா கேட்டத் தெறந்துடுவாங்க."

சந்திரசேகரன் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "அப்ப இப்பவே போயிட்டு வந்துடலாமே, சம்பந்தி. தட்ட எங்க பொதைச்சாருன்னு நானும் பாத்துடறேன்."

மோகனாவை வீட்டில் விட்டுவிட்டு ஐந்து பேர் கிளம்பினோம். அந்தச் சாலையில் அண்ணன் வாய் திறக்காமல் கார் ஓட்டி அன்றுதான் பார்த்தேன்.

வாசல் காவலர் மரியாதையான மனிதர். அண்ணன் கண்ணாடியை இறக்கி, தாத்தாவை மலாயில் எடுத்துச் சொன்னார். அவருக்குத் தெரிந்த மலாயில் தாத்தா தோட்டக்காரராக மட்டுமே இருக்க முடிந்தது.

"தாக் போலே, பாக்சிக்" என்றார் காவலர். முடியாது, பெரியவரே என்பதை இதைவிடப் பணிவாகச் சொல்ல முடியாது. காரைத் திருப்ப இடமும் காட்டினார்.

திரும்பும் வழியில் அண்ணனின் காதுமடல் கன்றிப்போயிருந்தது. புஷ்பவள்ளி தன் கணவரை ஒரு பார்வை பார்த்தார். இவர் சொன்னதில் இன்னும் எது எது இப்படியோ என்று கேட்கிற பார்வை. வரன் பார்த்துக் கொடுத்தவன் நான்; ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் முன்சீட்டிலிருந்த அண்ணனின் மனைவி சுபாஷினி அக்கா சொன்னார்: "நான் உள்ள போயிருக்கேன்."

கார் ஒருமுறை குலுங்கியது.

"நீயா? எப்ப? சொல்லவே இல்லியே!"

"கல்யாணத்துக்கு முன்னாடி. எங்க ஆபீஸ்காரங்கள டீக்குக் கூப்பிட்டிருந்தாங்க. நீங்க எங்க நிறுத்துனீங்க, நான் சொல்றதுக்கு?"

புஷ்பவள்ளி சீட்டின் நுனிக்கு வந்தார். "உள்ள எப்படிங்க இருந்துச்சு?"

அக்கா யோசித்தார். "பெரிய ஹால். ஃபேன் ஓடுச்சு. கறிபாப் குடுத்தாங்க, ஆறிப் போயிருந்துச்சு."

"அப்புறம்?"

"டாய்லெட் சுத்தமா இருந்துச்சு லா."

அவ்வளவுதான். எங்களில் மாளிகைக்குள் கால் வைத்த ஒரே ஆள் பார்த்தது அவ்வளவுதான். புஷ்பவள்ளி மறுபடி சீட்டில் சாய்ந்துகொண்டார். கொஞ்ச தூரம் போனதும் சந்திரசேகரன் தொண்டையைச் செருமினார்.

"ஏன் சம்பந்தி, தாத்தா தட்ட பொதைச்சத அந்த ஜப்பான்காரன் பாத்துட்டானா?"

அண்ணன் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார்.

"சொல்லுங்க. கேக்குறாங்கல்ல" என்றார் அக்கா.

அந்தக் குரலில் கேலி இருக்கிறதா என்று நானும் தேடினேன். இல்லை. அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது.

வீடு வந்து சேருமுன் ஜப்பான்காரன் தாத்தாவிடம் தோற்றுப்போனான். கறிபாப் ஏன் ஆறிப்போனது என்பதும் விளங்கிவிட்டது: தாத்தா இருந்தவரைக்கும் சூடாகத்தான் பரிமாறினார்களாம். அன்று மாலையே தேதி குறித்தார்கள். உள்ளே போனீர்களா என்று மோகனா கேட்டபோது, அண்ணனுக்கு முன்னால் சந்திரசேகரன் பதில் சொன்னார்.

"ஆளுநர் ஊர்ல இல்லம்மா. இருந்திருந்தா நம்மள விட்டிருப்பாங்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் குடும்பத்தில் இப்படி யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். உங்கள் பெரியப்பா அந்தக் காலத்து மந்திரியோடு கைகுலுக்கினார், அவ்வளவுதான். ஆனால் போன வருஷம் நீங்கள் சொன்னபோது, அவர் கூட்டத்தின் கடைசியில் நின்று எட்டித்தானே பார்த்தார்?