வடையின் விட்டம் குறித்து சம்பந்திக்கு

பென்னலூர்,
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி வெங்கடேசன் அவர்களுக்கு,

ரகுபதி வணக்கத்துடன் எழுதுவது. நானும் கனகமும் இங்கே நலம். நீங்களும் சம்பந்தியம்மாவும் எங்கள் கவிப்பிரியாவும் அங்கே நலமாக இருப்பீர்கள். நீங்கள் ஒரகடம் தொழிற்சாலையில் கேன்டீன் கமிட்டித் தலைவர் என்பதால், இதை உறவுக்காரனாக எழுதவில்லை; மறைமலை நகர்த் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் குவாலிட்டி பார்த்து ஓய்வு பெற்றவனாக எழுதுகிறேன்.

கனகம் உறுப்பினராக இருக்கும் மகளிர் சிற்றுண்டிக் கூட்டுறவுச் சங்கத்தின் மசால் வடையை நேற்று ஒருநாள் சோதனைக்குக் கேட்டிருந்தீர்கள். பிடித்தால் தினமும் இருநூறு, இல்லையென்றால் வெளியூர் கம்பெனியின் மிஷின் வடை. இந்த ஆர்டரும் போனால் சங்கத்தைப் பூட்ட வேண்டியதுதான் என்று பதினொரு பெண்களும் கவலையில் இருந்தார்கள். நம்மால் ஆன உதவி என்று, மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கும் வெர்னியர் காலிப்பரோடு போனேன், வினை அங்கேதான் ஆரம்பித்தது. மிஷின் வடை அறுபது மில்லிமீட்டர். அதையே அளவாக வைத்து, சோதனைக்குச் சுட்ட இருநூறு வடைகளையும் தனித்தனி உறையில் போட்டு, சரியானதற்குப் பச்சைச் சீட்டும் ரிஜெக்டுக்குச் சிவப்புச் சீட்டும் காரணத்தோடு ஒட்டினேன். பச்சை முப்பத்தெட்டு. மீதி எல்லாமே 'அளவுக்கு மேல் பெரியது'. ஏன் இப்படி என்று சங்கத் தலைவி பாப்பம்மாளைக் கேட்டேன்.

"நின்னுகினே வேலை செய்றவனுக்கு சின்னதா தட்ட கை வரலீங்க" என்றார்.

இதை எந்தக் காரணத்தில் சேர்ப்பது என்று யோசிப்பதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இருநூறையும் சீட்டோடு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். உங்கள் ஆட்கள் உற்பத்தி லைனில் சிவப்புச் சீட்டைக் கண்டால் தொடக்கூட மாட்டார்கள். ஆனால் கேன்டீனில், வடைக்கு என்ன கோளாறு என்று எடுத்துப் படித்திருக்கிறார்கள்; படித்த பிறகு சிவப்புதான் வேண்டுமென்று வரிசையாம். பச்சை முப்பத்தெட்டும் பத்திரமாகத் திரும்பி வந்தன. இது என்னங்க கணக்கு, எனக்குப் புரியவே மாட்டேங்குது. கோபமில்லை, தெரிந்துகொள்ளும் ஆவல்தான். ரிஜெக்ட் என்று தெரிந்தே ஏன் கேட்டு வாங்குகிறார்கள்? எந்த ஷிப்ட்டு? ஓவர்டைம் பார்ப்பவர்களா? டீக்கு முன்பா, பின்பா? விசாரித்து எழுதுங்கள்.

என் கையைத் தாண்டி ஒரு ரிஜெக்ட் கூட தொழிற்சாலை வாசலுக்கு வெளியே போனதில்லை. ஆகவே இன்று காலை நீங்கள் சங்கத்துக்குப் போனில் உறுதி செய்த ஆர்டரை ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள். வடை தட்ட அச்சு செய்து, அளவாகத் தருகிறோம்.

மாப்பிள்ளைக்கும் கவிப்பிரியாவுக்கும் எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்குக் கனகத்தின் அன்பு.

இப்படிக்கு,
ரகுபதி

பி.கு.: கனகம் கடிதத்தைப் படித்துவிட்டாள். "ஒரு மாசத்துல மிஷின் வடை உள்ள வந்துடும். நாங்க பதினோரு பேரும் எங்க போறது?" என்றாள். வெட்கமாக இருந்தது. பிறகுதான் இன்னொன்றையும் கேட்டாள்: இருநூறு வடையை அளந்தேனே, ஒன்றைத் தின்று பார்த்தேனா? இல்லை. இன்றைக்குச் சுட்டதில் நாலு தின்றேன். மேலே எழுதியது எதையும் மனதில் வைக்க வேண்டாம், ஆர்டர் அப்படியே இருக்கட்டும். சங்கத்தில் என்னை வெங்காயம் உரிக்கச் சேர்த்திருக்கிறார்கள். அதுவும் ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்களாம்.