வெறுங்கால் இன்ஸ்பெக்டர்

ஓர் ஊரைச் சுற்றிக் காட்டுகிறவனுக்கு அந்த ஊரைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பார்க்க வந்தவருக்கும் தெரியாமல் இருந்தால் போதும். இந்த மகத்தான தத்துவத்தை நம்பித்தான் எழுபதுகளில் ஒருநாள், காரை எடுத்துக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரிக்குக் கிளம்பினேன். இன்னும் போய்ச் சேரவில்லை.

புதுத் துறைமுகம் வந்த புதிது அது. நான் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. (கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது என் வேலை. கல்யாணம் பேசுகிற இடங்களில் அம்மா, "பையன் கப்பல்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள்.) அப்படிப் பேச்சை மாற்றியதில் மெட்ராசில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவரின் மகள் வசந்தா எனக்குப் பொருந்தி வந்தாள். அவர்களுக்குப் பூர்வீகம் சாத்தான்குளம் என்றாலும் அவள் அப்பா பிறந்ததே மெட்ராசில். நான் பார்த்த முதல் நிமிஷமே அவரை 'மாமா' என்று கூப்பிட்டுவிட்டேன். அவரோ என்னைத் 'தம்பி' என்பதைத் தாண்டி வரவில்லை. அந்தத் தம்பி எப்போது 'மாப்பிள்ளை' ஆவான் என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கவலை.

குலசேகரப்பட்டினம் (எங்கள் பேச்சில் குலசை) முத்தாரம்மனுக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது என்று தசரா நெருங்கும் நேரத்தில் அவர் மகளோடு வந்து இறங்கினார். வந்தவர் அம்மாவிடம், "தம்பியோட ஒரு நாள் முழுக்க ரோட்டுல போய்ப் பார்க்கறேன். ஆளு எப்படின்னு தெரிஞ்சுரும். அப்புறம் முடிவு சொல்றேன்" என்றார்.

பரீட்சை என்று புரிந்தது. குலசையில் வேண்டுதலை முடித்துக்கொண்டு அப்படியே கன்னியாகுமரி வரை போவதாக ஏற்பாடு. அந்த வாரம் பூராவும் நான் தூங்கவில்லை. ஆபீஸ் முதலாளி அண்ணாச்சியிடம் கெஞ்சிக் கறுப்பு அம்பாசடரை இரவல் வாங்கினேன். (கியர் மாற்றும்போது ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் வரும். மற்றபடி ராஜா வண்டி.) புதிதாக ஒரு டெரிலின் சட்டை தைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்த சந்தோஷத்தில், லைசென்ஸைப் பழைய சட்டைப் பையிலேயே விட்டுவிட்டேன். இந்த விவரத்தைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

முன்சீட்டில் மாமா. பின்சீட்டில் வசந்தாவும், துணைக்கு என் அக்காவும். (யாருக்குத் துணை என்று தெரியவில்லை. வழி நெடுக என்னைத்தான் கொத்திக்கொண்டு வந்தாள்.)

காலை வெயில், இரண்டு பக்கமும் உப்பளம், மழைக்கு முன்னால் ஓலை வேய்ந்து மூடிய உப்புக் குவியல்கள், ஜன்னல் வழியே அடிக்கிற கடல் காற்று, கண்ணாடியில் வசந்தாவின் ஒற்றைக் கண். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மாமா, நாம போறது சாதாரண ரோடு இல்ல. மங்கம்மா சாலை! ராணி போட்டது."

(எங்கள் பக்கத்தில் பழைய ரோடு எதைக் காட்டினாலும் அது மங்கம்மா சாலைதான். ராணிக்கு ரோடு போடுவதைத் தவிர வேறு ஜோலியே இருந்திருக்காது.)

பழையகாயல் வந்ததும், "சீனாக்காரன் கப்பல் கட்டி நின்ன இடம். கடல்ல குனிஞ்சா முத்து!" என்றேன்.

"இப்பவும் முத்து எடுக்கறாங்களா?" வசந்தா முதன்முதலாகப் பேசினாள்.

"தினமும்" என்றேன். முத்துக்குளிப்பு நின்று வருஷக்கணக்காகிவிட்டது.

"இவனுக்குச் சிப்பி கிடைச்சா முத்தா எடுப்பான்? சதையை வறுத்துல்லா திம்பான்" என்றாள் அக்கா.

ஆத்தூரில் வெற்றிலை வாங்க நிறுத்தினோம். கடை ஓரம் பெரிய புளியமரம். நான் சும்மா இருந்திருக்கலாம். அதன் அடியில் போய் நின்று, "இது ராணி தன் கையால நட்ட மரம், மாமா" என்றேன்.

வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தாள். "ஏலே, யாரு நட்டா? எங்க மாமனாரு நட்டது. நான் வாக்கப்பட்டு வந்தப்ப என் இடுப்பு உசரம் இருந்துச்சு. ராணியா வந்து தண்ணி ஊத்துனா?"

மாமா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "ராணிக்கும் ஒரு மாமனார் இருந்திருப்பார் இல்லையா, தம்பி" என்றார். எனக்கு அது ஆதரவா கேலியா என்று தெரியவில்லை.

ஆத்தூரைத் தாண்டியதும் ரோட்டில் வேஷக்காரர்கள் தென்பட ஆரம்பித்தார்கள். எனக்கு உயிர் வந்தது. இதிலாவது எனக்கு உண்மையாகவே விஷயம் தெரியும். "அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டு வேஷம் போடுவாங்க, மாமா. காளி, கரடி, ராஜா, ராணி, போலீசு எல்லாம் வரும். ஊர் ஊராப் போய்த் தர்மம் எடுத்து, அதைக் கொண்டுபோய்க் கோயில்ல சேத்துருவாங்க. கேட்டா இல்லன்னு சொல்லப்படாது. போட்ட காணிக்கையைத் திருப்பி வாங்கவும் கூடாது. அம்மனுக்குப் போனது போனதுதான்."

"திருப்பி வாங்கவே கூடாதா?" என்று வசந்தா கேட்டாள்.

"கூடவே கூடாது!" என்று நான் ஸ்டியரிங்கில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

ஆறுமுகநேரி தாண்டி ஒரு வளைவு. நடு ரோட்டில் கை காட்டி நின்றார் ஒரு போலீஸ்காரர். காக்கி, தொப்பி, லத்தி, முகத்தில் பாதியை மறைக்கும் மீசை.

"லைசென்ஸ்."

பையைத் தடவினேன். டெரிலின் வழுக்கியது. அப்போதுதான் பழைய சட்டை ஞாபகம் வந்தது.

"ஐயா... புதுச் சட்டை, ஐயா..."

"சட்டையவா கேட்டேன்? பொம்பளைப் பிள்ளைகள ஏத்திக்கிட்டு லைசென்ஸ் இல்லாம வாரியோ? எறங்குல!"

இறங்கினேன். 'ஐயா', 'சாமி', 'எசமான்' என்று எனக்குத் தெரிந்த மரியாதைகளையெல்லாம் வரிசையாக எடுத்து வைத்தேன்.

"காதைப் பிடி. தோப்புக்கரணம் போடு."

போட்டேன். நடு ரோட்டில், மெட்ராஸ் மாமா பார்க்க, வசந்தா பார்க்க, டெரிலின் சட்டை முதுகில் 'டர்'ரென்று விட்டுக்கொடுக்கும் வரை போட்டேன். அப்போது அந்த மனிதர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முதுகுப் பக்கம் செருகியிருந்த தாம்பாளத்தை எடுத்து நீட்டினார்.

"முத்தாரம்மனுக்குக் காணிக்கை போடுங்க, அண்ணாச்சி."

உடைமரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு காளி, ஒரு கரடி, முரட்டு மீசையோடு ஒரு ராணி எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"ஏலே மூதி! அவன் காலைப் பாத்தியால? செருப்பு இல்லாம எந்தப் போலீசு வாரான்? வேஷம் கட்டுனவன்தான் வெறுங்காலோட நடப்பான்!" என்று அக்கா காருக்குள்ளிருந்து கத்தினாள்.

மாமா அந்த மீசைக்கார ராணியை மரியாதையாகப் பார்த்து, "தம்பி, இந்த ரோட்டைப் போட்டது இவங்கதானா?" என்று கேட்டார்.

திருச்செந்தூரில் கடலில் கால் நனைத்தோம். நாழிக்கிணற்றை எட்டிப் பார்த்தோம். பிள்ளையார் சந்நிதியில் நான் காதைப் பிடித்ததும் மாமா தடுத்தார். "நீங்க போட வேண்டாம் தம்பி. அட்வான்சா போட்டாச்சு."

வசந்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்குள் ஒரு வீரன் விழித்துக்கொண்டான். இனி ஒரு வேஷக்காரன் என்னை ஏமாற்ற முடியாது. அக்கா கொடுத்த சூத்திரம் கையில் இருக்கிறது: முகத்தைப் பார்க்காதே, காலைப் பார்!

குலசையில் கோயிலை நெருங்கியதும் கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. மேளம், உறுமல், தீச்சட்டி. எங்கே பார்த்தாலும் சிவப்புப் பாவாடைக் காளிகள். வண்டி ஊர்ந்தது. அப்போது ஒருவர் கை காட்டி நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் உடுப்பு. தொப்பி கையில். நெற்றி நிறையக் குங்குமம். நான் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியாகக் குனிந்து நேராகக் காலைப் பார்த்தேன்.

வெறுங்கால்!

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

"வண்டியை ஓரங்கட்டும். லைசென்ஸ் எங்க?" என்றார் அவர்.

"ஓ, எடுக்கலாமே!" என்று கதவைத் திறந்து இறங்கினேன். பின்சீட்டைப் பார்த்துக் கண்ணடித்தேன். "வேஷம் பிரமாதம், வே. உடுப்பு அசல். முழி கூட அசல். ஆனா மீசைதான் கொஞ்சம் கோணலா ஒட்டியிருக்கு."

கை நீட்டி மீசையை இழுத்தேன். வரவில்லை.

"நல்ல பசை" என்று பாராட்டிவிட்டு, இன்னொரு தடவை இழுத்தேன்.

அவர் வாய் திறந்தபடியே நின்றது. உத்தியோக வாழ்க்கையில் அப்படி ஒரு சம்பவத்துக்கு அவரை யாரும் தயார் செய்திருக்கவில்லை. நான் பத்துப் பைசா ஒன்றை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டிவிட்டேன். "காலையில உங்க ஆளு என்னைப் போட வச்சான். இப்ப நீரு போடும். ம், காதைப் பிடியும்!"

"ஏலே..." என்றது அக்காவின் குரல். அது வழக்கமான 'ஏலே' இல்லை. தொண்டைக்குள்ளிருந்து வந்த 'ஏலே'. அவள் பார்த்த பக்கம் திரும்பினேன். ஒரு ஜீப் நின்றது. ஜீப்பின் மேல் பளபளவென்று ஒரு ஜோடி பூட்ஸ். ஜீப்பிலிருந்து குதித்து ஓடிவந்த இரண்டு கான்ஸ்டபிள்களின் காலிலும் பூட்ஸ். மனிதர் அப்போதுதான் கோயிலுக்குள் போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்திருக்கிறார்!

அதற்குப் பிறகு என்னிடமிருந்து வந்த சத்தம் அம்பாசடரின் கியர் சத்தத்தைப் போலவே இருந்தது என்று அக்கா இன்றும் சொல்கிறாள்.

இன்ஸ்பெக்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கோயில் பக்கம் போட்டிருந்த போலீஸ் கொட்டகையை நோக்கி, கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு நடந்தார். முதுகு கிழிந்த சட்டை, கலைந்த தலை, அழுகிற மூஞ்சி. இந்தக் கோலத்தில் ஒருவனை வெறுங்கால் போலீஸ்காரர் இழுத்துக்கொண்டு போனால் தசராக் கூட்டம் என்ன நினைக்கும்?

"ஏ, இங்கன பாருங்க, திருடன்–போலீசு வேஷம்லா!"

"அந்தத் திருடன் மூஞ்சியப் பாரேன்! அசல் திருட்டு முழி!"

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தொப்பிக்குள் 'டங்'கென்று ஒரு காசு விழுந்தது. அவர் துள்ளினார். "ஏய்! நான் அசல் போலீசு!"

"அப்படித்தான் சொல்லணும்! என்னமா நடிக்கான்!" என்று ஒருவர் இரண்டு காசாகப் போட்டார். ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு கடைக்கார அண்ணாச்சி மீசையைச் சோதிக்கக் கையை நீட்டியபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"வேண்டாம், அண்ணாச்சி. நான் பாத்துட்டேன்."

இன்ஸ்பெக்டரின் மீசை ஒரு பக்கமாகத் துடித்தது. கோபம் என்று பயந்தேன். அவர் சிரிப்பை மென்றுகொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னாலேயே வந்த வசந்தா, தன் கைப்பையிலிருந்து ஒரு பத்துப் பைசாவை எடுத்தாள். தொப்பியில் போடவில்லை. என் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தாள்.

"வேஷம் நல்லா இருக்கு" என்றாள்.

மாமாவும் அக்காவும் வந்து சேர்ந்து, கொட்டகைக்குள் உட்கார்ந்த பிறகு இன்ஸ்பெக்டர் தொப்பியை மேஜைமேல் கவிழ்த்தார். காசு உருண்டது. "என் சர்வீஸ்ல எனக்கே மொதல்ல காணிக்கை போட்டது நீருதான், வே. இதெல்லாம் உண்டியலுக்குப் போகும். இப்ப லைசென்ஸ் விஷயத்துக்கு வாரும்." நான் பழைய சட்டையின் கதையை அழுகையும் விக்கலுமாகச் சொல்லி முடித்தேன். அவர் மாமா பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஸ்டேஷனுக்கு லைசென்ஸைக் கொண்டாந்து காட்டணும். இந்த ஆளுக்கு நீங்க பொறுப்பு ஏத்துக்கிடுதீங்களா? இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

மாமா என்னைக் கீழிருந்து மேலே பார்த்தார். ராணி நட்ட புளியமரம், தினமும் எடுக்கிற முத்து, தோப்புக்கரணம், மீசை, எல்லாம் அவர் கண்ணில் ஊர்வலமாகப் போவது எனக்குத் தெரிந்தது.

"யோசிச்சுட்டு இருக்கோம், சார்" என்றார்.

"யோசிங்க. நல்லா யோசிங்க" என்றார் இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டே.

"இதுல யோசிக்க என்னப்பா இருக்கு?" என்றாள் வசந்தா. "நான் காணிக்கை போட்டாச்சு. திருப்பி வாங்கக் கூடாதாம். இவருதான் சொன்னாரு."

மாமா மகளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். அன்றைக்கு முழுக்க நான் சொன்னதில் அந்த ஒன்று மட்டும்தான் உண்மை. அது போய் அவர் தலையிலேயே விழுந்துவிட்டது.

"மாப்பிள்ளை, சார்" என்றார்.

அதன் பிறகு ஸ்டியரிங் பக்கம் என்னை யாரும் விடவில்லை. பாத்திரக்கடை வேனை ஓட்டிப் பழகிய மாமா, அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்து, பையிலிருந்து தன் லைசென்ஸை எடுத்துக் காட்டிவிட்டு, காரை நேராகத் தூத்துக்குடிக்குத் திருப்பினார். அன்றைக்கே தாம்பூலம் மாற்றிவிட வேண்டுமாம், இவன் அதற்குள் இன்னும் என்ன செய்வானோ என்ற பயமாம். வழியில் மாமா கையைக் காட்டிக் கேட்டார், "மாப்பிள்ளை, அந்தப் புளியமரம் யார் நட்டது?" நான் வாயைத் திறக்கவில்லை. "தேறிட்டாரு" என்றார்.

கன்னியாகுமரியை இன்றுவரை நான் பார்க்கவில்லை. எப்போது பேச்செடுத்தாலும் குலசையைத் தாண்டி என்னோடு வர எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினால் பிள்ளைகள் பின்சீட்டிலிருந்து, "அப்பா, பூட்ஸ் போட்டிருக்காரு, மீசையில கை வைக்காதீங்க" என்று ஒரே குரலில் சொல்வார்கள்.

பத்துப் பைசா செல்லாக்காசாகிவிட்டது. ஆனால் நான் கல்யாண வீட்டுக்கோ விசேஷத்துக்கோ புதுச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேனானால், வசந்தா எங்கிருந்தோ ஒன்றை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். நான் திருப்பிக் கொடுப்பதில்லை.